பிஎல்சி சாவியை ரன்ல திருப்ப என்னய்யா கஷ்டம்? ஓ.டி. பாதுகாப்புல திரும்பத் திரும்ப நடக்குற தப்புகள்

ஐ.டி.ல இருந்து பிளான்ட் பக்கம் புதுசா வர்ற பசங்களப் பாக்குறேன், நாங்க ஒரு காலத்துல பண்ணின கூத்தையே அச்சு மாறாம பண்றாங்க. ஓ.டி.ன்னா பிளான்ட் மெஷின்களை ஓட்டுற கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம்; பிஎல்சின்னா அதுல மெஷினை நேரா இயக்குற கன்ட்ரோலர் பெட்டி. கண்ட பென்டிரைவ சொருகாதேங்கற மாதிரி விஷயமெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு, அத விடுங்க.

ஓடிட்டிருக்குற நெட்வொர்க்கை ஸ்கேன் பண்றது

ஆபீஸ் நெட்வொர்க்னு நெனச்சு நெட்வொர்க் ஸ்கேன் பண்ற என்மேப் டூலை முழு வேகத்துல தட்டி விடுறாங்க, பழைய பிஎல்சி தாங்காம ஹேங் ஆகுது, அப்புறம் கன்ட்ரோல் ரூம்ல இருந்து போன் வருது. சுவிட்ச்ல டிராஃபிக்கோட நகலைக் குடுக்குற மிரர் போர்ட்டை வாங்கி அதை சும்மா கவனிச்சாலே எது எதோட பேசுதுன்னு பாதி தெரிஞ்சிடும்.

சாவியை ரிமோட்லயோ புரோகிராம்லயோ விட்டுட்டுப் போறது

இதப் பாத்தா இன்னிக்கும் எரிச்சலா வரும். கன்ட்ரோலர் முகப்புல குட்டியா ஒரு சாவி இருக்கும். புரோகிராம்ல விட்டா லாஜிக்கை, அதாவது மெஷின் என்ன பண்ணணும்ங்கற புரோகிராமை, நேரா ஏத்தலாம். ரிமோட்ல விட்டா சாஃப்ட்வேர்லயே மோடை மாத்தி ஏத்திடலாம். ரன்ல திருப்பி சாவிய உருவிட்டா, மாத்தணும்னா ஒரு ஆள் பேனல் முன்னாடி வந்து நிக்கணும். பைசா செலவில்லாத பாதுகாப்பு! ஒரு பிளான்ட்ல பேனலத் திறந்து பாத்தா சாவி புரோகிராம்லயே கெடக்கு, கூட தொங்குற அட்டையில தூசி படிஞ்சிருக்கு. கேட்டா, "சார், ஒவ்வொரு தடவையும் இவ்ளோ தூரம் யார் நடக்குறது?"ங்கறாரு.

2017ல சவுதி அரேபியாவுல ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில ட்ரைட்டான் மால்வேர் புகுந்தது இந்த வழியிலதான். அது குறி வச்சது ட்ரைகானெக்ஸ் சேஃப்டி கன்ட்ரோலர், அதாவது பிரஷரோ சூடோ எல்லை மீறினா பிளான்ட்டையே நிறுத்தவேண்டிய கடைசிக் காவல். கன்ட்ரோலருக்குப் புரோகிராம் ஏத்துற இன்ஜினியரிங் கம்ப்யூட்டர்ல ஹேக்கருங்க ஏற்கனவே உக்காந்தாச்சு, சாவியும் புரோகிராம்ல இருந்துச்சு, வேறென்ன வேணும்? அவங்க கோடுல ஏதோ சொதப்பி கன்ட்ரோலரே ஃபெயில்-சேஃபுக்கு, அதாவது கோளாறு வந்தா பாதுகாப்பா நிறுத்திக்கிற நிலைக்குப் போய் பிளான்ட் டிரிப் ஆனதாலதான் விஷயமே வெளிய வந்துச்சு.

இன்னொண்ணு, அந்த மால்வேர் ஒரு தடவை உள்ள உக்காந்துட்டா அப்புறம் சாவி எந்தப் பக்கம் இருந்தாலும் அதுக்குக் கவலையில்ல. முன்னாடியே திருப்பி வச்சிருந்தாதான் பிரயோஜனம். நிறைய கன்ட்ரோலர்ல சாவியோட பொசிஷனை சாஃப்ட்வேர்ல ஒரு டேட்டாவா படிக்கலாம், ரன்ல இல்லன்னா எச்எம்ஐல (ஆபரேட்டர் பாக்குற ஸ்கிரீன்) அலாரம் அடிக்கட்டும், சாவிய ஷிப்ட் இன்சார்ஜ் கிட்ட குடுத்து கையெழுத்து வாங்குங்க. சாவியப் பேனலுக்குள்ளயே ஆணியில மாட்டி வைக்கிற ஆளுங்களும் இருக்காங்க, அவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல.

வென்டர் "டெம்பரரியா" வச்ச 4ஜி மோடம்

கழட்டுங்க.

மோட்பஸை வெளிய காட்டுறது

மோட்பஸ், பிஎல்சி மாதிரி கருவிங்க ஒண்ணோட ஒண்ணு பேசுறதுக்கு 1979ல வந்த புரோட்டோகால், கேக்குறது யாருன்னு பாக்காம வால்வைத் திறக்கும். அது பேசுற போர்ட் 502 இன்டர்நெட்ல தெரியக்கூடாது, அவ்ளோதான்.

கையால ஓட்டத் தெரியாம இருக்குறது

2015 டிசம்பர் 23ல உக்ரைன்ல ஹேக்கருங்க சுமார் 2,25,000 மின் வாடிக்கையாளர்களுக்குக் கரன்ட்டை நிறுத்துனாங்க. ஆளுங்க சப்ஸ்டேஷனுக்கு நேர்ல போய் பிரேக்கரைக் கையால போட்டதால சில மணி நேரத்துல கரன்ட் வந்துருச்சு, ஆனா பழைய சீரியல் கருவிகளை நெட்வொர்க்கோட இணைக்கிற சீரியல் டு ஈதர்நெட் கன்வர்ட்டர்களோட ஃபர்ம்வேரையே (உள்ள இருக்குற சாஃப்ட்வேர்) நாசம் பண்ணிட்டதால ரிமோட் கன்ட்ரோல் அவ்ளோ சீக்கிரம் திரும்பல. உங்க ஸ்டோர்ல அந்த மாதிரி கன்வர்ட்டர் ஸ்பேர் இருக்கா, நைட் ஷிப்ட் ஆளுக்கு மேனுவல் ஆபரேஷன் தெரியுமான்னு நாளைக்கே கேட்டுப் பாருங்க.