விண்டோஸ் டிஸ்க்கில் கிடந்த கேம் லினக்ஸில் திறந்த விதம்

கல்முனையில் டேட்டா போடும் காசுக்கு 60 ஜிபி கேமைத் திரும்ப இறக்க மனமில்லை. என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் டிஸ்க் வடிவம்) டிஸ்க்கில் கிடந்ததையே லினக்ஸில், கேம் வாங்கி இயக்கும் செயலியான ஸ்டீமில் சேர்த்தேன். ‘ப்ளே’ அமர்த்தினால் இரண்டு செக்கன் ‘ஸ்டாப்’, பிறகு மறுபடி ‘ப்ளே’. பிழைச் செய்தியே இல்லை. கிராபிக்ஸ் டிரைவர், புரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீம் கருவி) பதிப்பு என்று மாற்றியதில் மூன்று நாள் வீண்.

சிக்கல் ஒரு முக்காற்புள்ளியில். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ‘கம்பாட்டேட்டா’ ஃபோல்டருக்குள் ‘சி:’, ‘இசட்:’ என்று இணைப்புகள் போடும். விண்டோஸ் பெயர் விதியோடு மவுண்டான (லினக்ஸோடு இணைக்கப்பட்ட) டிஸ்க் அந்த ‘:’ஐ ஏற்காது.

ஸ்டீமை மூடி, அந்த ஃபோல்டரை அழித்து (கேம் ஒருமுறையும் திறக்காததால் சேவ் போகும் பயமில்லை), எக்ஸ்ட்4 (லினக்ஸின் சொந்த டிஸ்க் வடிவம்) ஹோம் ஃபோல்டரிலுள்ள கம்பாட்டேட்டாவுக்கு, அழித்த இடத்தில் அதே பெயரில் சிம்லிங்க் (வேறிடத்து ஃபோல்டரைக் காட்டும் இணைப்பு) போட்டேன். திறந்தது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் (முழுதாக அணையாமல் வேகமாகத் திறக்கும் வசதி) நிறுத்துங்கள். இல்லாவிட்டால் லினக்ஸில் அந்த டிஸ்க்கில் எழுத முடியாமல் போகலாம்.