'ரகசியம்' என்று அரசு சொன்னதும் நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்க அரசு ஒரு வழக்கில் "இது தேசப் பாதுகாப்பு ரகசியம், ஆவணத்தைத் தர முடியாது" என்றால், சரி, நீதிபதியாவது தனியறையில் படித்துப் பார்த்துத்தானே முடிவெடுப்பார் என்று நினைக்கிறோம். முதல் தவறு அதுதான். ஆபத்துக்கு நியாயமான வாய்ப்பு இருப்பதாகச் சூழ்நிலையே காட்டினால், நீதிபதிகூட அதைப் பார்த்தே தீருவேன் என்று வற்புறுத்தக் கூடாது என்று 1953-இல் ரெனால்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்த தவறு, அரசு தரும் பிரமாணப் பத்திரத்தை அப்படியே உண்மையாக எடுத்துக்கொள்வது. இதற்கும் ரெனால்ட்ஸ் வழக்கே சாட்சி. 1948 அக்டோபரில், ரகசியக் கருவிகளைச் சோதிக்கப் போன பி-29 விமானம் ஜார்ஜியா மாநிலத்தில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் ராணுவத்தைச் சேராத மூவரின் மனைவிகள் விபத்து அறிக்கையைக் கேட்டார்கள், தந்தால் தேசப் பாதுகாப்புக்குக் கேடு என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து விமானப்படை மறுத்தது. கீழ் நீதிமன்றங்கள் அந்தப் பெண்கள் பக்கம் நின்றன, உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் போனது, அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்காமல். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு அது வெளியே வந்தபோது அதில் இருந்தது இன்ஜினில் பிடித்த தீயும், செய்ய வேண்டிய மாற்றத்தைச் செய்யாமல் பறக்கவிட்ட அலட்சியமும்தான். அந்தக் கருவிகள் எப்படி இயங்கும் என்ற விவரமே இல்லை. குடும்பங்கள் மறுபடி நீதிமன்றம் போயும் பழைய தீர்ப்பு அசையவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது.

ஊருக்கே தெரிந்தது எப்படி ரகசியமாகும் என்று வாதாடுவதும் எடுபடாது. போலந்தில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ரகசியச் சிறை நடத்தியதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014-லேயே தீர்ப்பில் எழுதிவிட்டது. ஆனாலும் 2022-இல், அங்கே அடைத்துவைக்கப்பட்டிருந்த அபு சுபைதாவின் வழக்கில், அரசே அதை உறுதிசெய்யாதவரை ரகசியம் ரகசியம்தான் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம்.

ஆதாரம் ஒன்று போனால் என்ன, வழக்கு நடக்கும் என்று நம்புகிறவர்கள் காலித் எல்-மஸ்ரியைப் பார்க்கட்டும். வேறொருவர் என்று தவறாக நினைத்து சிஐஏ பிடித்துவைத்த ஜெர்மானியர். அவர் போட்ட வழக்கு முழுசாகவே தள்ளுபடி.

அப்புறம், வாட்டர்கேட் ஊழல் வழக்கில் அதிபர் நிக்சனின் ஒலிநாடாக்களையே 1974-இல் நீதிமன்றம் கேட்டு வாங்கியதே என்பார்கள். அங்கே ராணுவ, ராஜதந்திர ரகசியம் என்று அவர் கோரவே இல்லை.

அதற்காக, ரகசிய முத்திரை குத்தியிருந்தாலே எல்லாம் முடிந்தது என்று பின்வாங்குவதும் தவறு. துறைத் தலைவரே விஷயத்தைத் தானே பரிசீலித்து முறைப்படி கோர வேண்டும் என்பதும், ஆவணம் எவ்வளவு அவசியம் என்று எதிர்த்தரப்பு காட்டுகிறதோ அவ்வளவு ஆழமாக நீதிமன்றம் துருவ வேண்டும் என்பதும் அதே 1953 தீர்ப்பில்தான் இருக்கின்றன.