புது காரில் பிரேக் சத்தமா? எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள்

புது கார் வந்த முதல் வாரத்தில் எல்லோருக்கும் காது கூர்மையாகிவிடும். பழைய வண்டியில் எது ஆடினாலும் பாட்டுச் சத்தத்தை ஏற்றிவிட்டு ஓட்டியவர்கள்கூட, புது வண்டியில் 'கர்ர்' என்று சின்னதாக ஏதாவது கேட்டால் ராத்திரி தூங்கமாட்டார்கள். நானும் அப்படித்தான். காலையில் பிடிக்கும் முதல் நான்கைந்து பிரேக்குக்கு உலோகம் உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு வரும். சர்வீஸ் சென்டர் போய்ச் சேர்வதற்குள் காணாமல் போயிருக்கும். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்பார். இரண்டு முறை இப்படி அசடு வழிந்துவிட்டு, மூன்றாம் முறை முந்தின நாள் சாயங்காலமே வண்டியை அங்கே விட்டுவிட்டேன். காலையில் அவரையே முதலில் நகர்த்தச் சொன்னேன். அப்போதுதான் அவர் காதிலும் விழுந்தது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் வார்ப்பிரும்பு என்பதால் ராத்திரி ஈரத்தில் மேலே லேசாகத் துரு படியும், பிரேக் பிடித்தால் டிஸ்க்கை இருபுறமும் அழுத்துகிற பேட் அதைச் சுரண்டி எடுக்கும் சத்தம்தான் அது. குறையே இல்லை. ஆனால் அது தெரிய எனக்கு மூன்று லீவு போயிற்று.

ஆகவே சத்தத்துக்குப் பெயர் வைப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் 'கீச்' என்பதை இன்னொருவர் விசில் என்பார், மூன்றாமவர் உரசல் என்பார். "ரிவர்ஸில் மட்டும், வண்டி சூடாவதற்கு முன், லேசாக மிதித்தால்" என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் குழப்பம் வராது.

அதற்கும் முன்னால் ஒன்று. பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறதா, பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறதா, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா, ஹேண்ட்பிரேக்கை விடுவித்த பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறதா, ஏதாவது ஒரு சக்கரத்திலிருந்து கருகல் வாடை வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கீழே உள்ள சோதனை எதுவும் உங்களுக்கு இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஆள் அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, அப்படி எதுவும் இல்லை என்றால் சோதனைக்குப் போகலாம். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கி, ஆளில்லாத நேரான சாலையில் ஒரு நீளமான சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். பக்கத்தில் இருப்பவர் போனில் பதிவு செய்யட்டும், நீங்கள் செய்யாதீர்கள். குறித்துக்கொள்ள வேண்டியவை: எவ்வளவு வேகம், வண்டி நின்று எத்தனை மணி நேரம் ஆயிற்று, மழையா வெயிலா, முன்னோக்கியா பின்னோக்கியா, லேசாக மிதித்தாலா அழுத்தி மிதித்தாலா. முக்கியமாக, பெடலில் காலே வைக்காதபோதும் வருகிறதா? இந்தக் கடைசிக் கேள்விதான் பாதி வேலையை முடித்துவிடும். பெடலைத் தொடாமலே வருகிறது, மிதித்தாலும் மாறவில்லை என்றால் பெரும்பாலும் டயர், வீல் பேரிங், அல்லது எங்காவது தகடு உரசல்.

பயப்பட வேண்டாத சத்தங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட் செய்து கிளம்பியதும் 10, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே ஒரு முறை 'டொக்' அல்லது சின்ன உறுமல் கேட்டால், ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் போய் முதல் பிரேக் பிடிக்கும்போது ஒரு 'டிக்' வந்தால், பேட்கள் தம் இடத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்கின்றன. அதுவே ஒவ்வொரு பிரேக்குக்கும் 'டொக் டொக்' என்று பலமாக வந்தால் வேறு கதை, பேடைப் பிடித்திருக்கும் கிளிப் விட்டுப்போயிருக்கலாம், பேடை அழுத்தும் காலிப்பரின் போல்ட் தளர்ந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியில் நிறுத்தியதும் பின்னால் 'விர்ர்' என்பது மோட்டார். ஆட்டோமேட்டிக் கார்களில் இன்னொன்று உண்டு: சிக்னலில் பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்போது வண்டி நகரலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டு 'ம்ர்ர்' என்று முனகும். பேட் டிஸ்க்கில் ஒட்டி விடுபட்டு ஒட்டி விடுபட்டு வருகிற சத்தம் அது. முழுதாக விட்டாலோ முழுதாக மிதித்தாலோ நின்றுவிடும்.

மின்சாரக் கார், ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குக் காலைக் கரகரப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பேட் அதிகம் தேய்வதில்லை, அதனால் டிஸ்க்கில் துரு தங்கிவிடுகிறது.

புது வண்டிக்கே உரிய சங்கதி இரண்டு. ஒன்று, பேட் இன்னும் படியவில்லை. பேடின் உராய்வுப் பொருள் டிஸ்க் மேல் மெல்லிய படலமாக, சீராகப் படிந்த பிறகுதான் பிரேக் ஒழுங்காகவும் அமைதியாகவும் வேலை செய்யும். பல கார்களின் கையேட்டில் முதல் 300 கிலோமீட்டர் வாக்கில் அழுத்தமான பிரேக்கைத் தவிர்க்கச் சொல்லியிருப்பார்கள். உங்கள் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். அந்தத் தூரம் தாண்டியும் லேசான கீச்சு இருந்தால், காலியான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமான அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை குறைத்துப் பாருங்கள், ஆனால் முழுதாக நிறுத்தாதீர்கள். பிறகு சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கோடு நின்று பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் பேட் தன் அச்சை அதே இடத்தில் பதித்துவிடும், பிறகு அதிர்வு என்று தனியாக அலைய வேண்டும்.

இரண்டாவது, வண்டி உங்கள் கைக்கு வருவதற்கு முன் எத்தனை மாதம் வெட்டவெளியில் நின்றது என்பது. தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், மனசு கஷ்டப்பட்டாலும் பாருங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் பேட் இருந்த இடத்தை விட்டுச் சுற்றிலும் துரு ஏறி, டிஸ்க்கில் பேடின் உருவம் அப்படியே தெரியும். அந்தப் பட்டை சுற்றி வரும்போதெல்லாம் மெதுவான வேகத்தில் 'உர்ர்... உர்ர்...' என்று விட்டு விட்டுக் கேட்கும். லேசானது என்றால் சில நாள் ஓட்டத்தில் தேய்ந்துவிடும். பள்ளமாகிவிட்டது என்றால் டிஸ்க்கை மாற்றச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அதேபோல நின்ற டயரின் அடிப்பக்கமும் தட்டையாகும். அந்த அதிர்வு பத்திருபது கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் பெரும்பாலும் போய்விடும்.

திடீரென்று, நேற்று வரை இல்லாமல், காது கூசுகிற மாதிரி இடைவிடாத உலோகச் சத்தமா? முதலில் சின்னக் கல்லைச் சந்தேகப்படுங்கள். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவே ஒரு சரளைக்கல் மாட்டினால் போதும், வண்டியே பிளக்கிற மாதிரி கத்தும். மெதுவாகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் போய் வந்தால் பல நேரம் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித் தகட்டை லேசாக நிமிர்த்த வேண்டும், பத்து நிமிட வேலை. பேட் தேய்ந்ததைச் சொல்லும் எச்சரிக்கைத் தகட்டின் கீச்சு புது வண்டியில் வரக் கூடாது; அது பேட் 2, 3 மில்லிமீட்டருக்கு வந்த பிறகு உரச வேண்டியது. வந்தால் அந்தத் தகடு வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதிர்வுக்கு வருவோம், ஆட்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான்.

பிரேக் பிடிக்காமல், 80, 100 வேகத்தில் சும்மா போகும்போதே ஸ்டீயரிங் உதறினால் வீல் பேலன்ஸும் டயரும் பார்க்கப்பட வேண்டும், பிரேக் அல்ல. பிரேக் பிடித்தால் மட்டும் உதறினால்தான் டிஸ்க். கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம். பெடல் காலடியில் துடித்தால் அந்தத் துடிப்பை எண்ணிப் பாருங்கள். சராசரி கார் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் போகும்; 36 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர், அதாவது நொடிக்கு ஐந்து சுற்று, சுற்றுக்கு ஒரு துடிப்பு என்றால் ஐந்து துடிப்பு. வேகம் குறையக் குறைய துடிப்பும் அதோடு சேர்ந்து மெதுவாகி 'தட்... தட்...' என்று பிரிந்து கேட்டால் அது சக்கரச் சுற்றோடு கட்டுண்டது, டிஸ்க்கில்தான் விஷயம். வேகத்தோடு சம்பந்தமில்லாமல் படபடவென்று அடித்தால், அதுவும் மணலிலோ ஈரத்திலோ என்றால், ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது, காலை எடுக்காதீர்கள். நல்ல காய்ந்த சாலையில், மெதுவாக நிற்கும் நேரத்தில் அப்படி அடித்தால் மட்டும் சக்கர சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் வளைவதில்லை, தடிமன் சமமில்லாமல் போகிறது. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம், ஒரு தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு, அது போதும் காலில் தெரிய. டிஸ்க்குக்கும் அது மாட்டியிருக்கும் ஹப்புக்கும் நடுவே துருவோ அழுக்கோ இருந்தாலும், வீல் நட்டுகளை ஏர் கன்னால் கண்டபடி இறுக்கியிருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, ஓட ஓட ஒரு பக்கம் மட்டும் தேயும். அதனால் இதுவரை யாராவது சக்கரத்தைக் கழற்றியிருந்தால் அதை ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள். நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிர் வரிசையில் இறுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு எளிய சோதனை. அதிகம் பிரேக் பிடிக்காமல் ஒரு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் காட்டுங்கள். தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். இடது வலது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் வீசினால், அந்தச் சக்கரத்தில் மட்டும் கறுப்புத் தூசி அப்பியிருந்தால், அங்கே பேட் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, காலிப்பர் நகர உதவும் பின் (pin) இறுகியிருக்கலாம். தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க நினைக்காதீர்கள்.

செய்யக் கூடாதது இன்னும் உண்டு: கீச்சு போகட்டும் என்று டிஸ்க்கிலோ பேடிலோ எண்ணெய், கிரீஸ், ஸ்பிரே எதையும் அடிப்பது. சத்தமும் போகும், பிரேக்கும் போகும். வெளியே கொடுத்து டிஸ்க்கை லேத்தில் கடைந்துகொண்டு வருவதும் வேண்டாம், பிறகு வாரண்டி கேட்டால் கையை விரிப்பார்கள்.

சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் "பிரேக் சத்தம்" என்று இரண்டு வார்த்தை எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். "60-லிருந்து லேசாகப் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகு, முன்னோக்கி மட்டும், 400 கிலோமீட்டரிலிருந்து" என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்து, டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் ஆடும் ஆட்டத்தையும், மைக்ரோமீட்டரால் சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் தடிமனையும் அளந்து அந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். பேட், டிஸ்க் எல்லாம் தேயும் பாகம், வாரண்டியில் வராது என்று முதல் பதில் வரலாம். தேய்மானம் வேறு, தயாரிப்புக் குறை வேறு, சில நூறு கிலோமீட்டரில் தேய்மானம் என்று சொல்ல முடியாது. சீக்கிரம் போவதும் எழுத்தில் வாங்குவதும் இதற்காகத்தான். "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றால், எத்தனை கிலோமீட்டரில் என்று கேட்டு அதையும் அதே கார்டில் எழுத வையுங்கள்.

வேலை முடிந்தது என்று கூப்பிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதே வேகத்தில், அதே அழுத்தத்தில் பிரேக் பிடித்துக் காட்டுங்கள். காலைச் சத்தம் என்றால் என்னைப் போல ஒரு ராத்திரி வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் போய் நீங்களே முதலில் நகர்த்திப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.