கணவாய் ரத்தமும் கணினி பொறுக்கும் துகளும்: எங்கே தவறுகிறோம்?

கணவாயின் ரத்தம் சிவப்பல்ல, காற்றுப் பட்டால் லேசான நீலம். பாம்பன் கரையில் கணவாய் கழுவுபவர்களுக்கு இது புதிதில்லை. அந்த நீலத்துக்குக் காரணம் ஹீமோசயனின் என்ற புரதம். இரும்புக்குப் பதில் செம்பை வைத்து ஆக்சிஜனைச் சுமக்கிறது. வடிவம் உள்ளே வெறுமையான உருளை, விட்டம் சுமார் 35 நானோமீட்டர். மேலிருந்து பார்த்தால் வட்டம், பக்கவாட்டில் செவ்வகம்.

இதைக் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் (மாதிரியை உறையவைத்து எலக்ட்ரான்களால் பார்க்கும் கருவி) படமெடுத்து முப்பரிமாண உருவம் காண்பது தங்கச்சிமடத்து மருமகனின் புராஜெக்ட். மெல்லிய பனிப்படலத்தில் உறைந்த துகள்கள், அதாவது தனித்தனிப் புரத மூலக்கூறுகள், படத்தில் சாம்பல் புள்ளிகளாகத்தான் தெரியும். லட்சக்கணக்கில் கையால் பொறுக்க முடியாது; டோபாஸ், கிரையோலோ போன்ற மென்பொருட்களுக்குச் சில மாதிரிகளைக் காட்டிவிட்டால் மீதியை அவை பொறுக்கிவிடும். அவன் கண்ணுக்குத் தெளிவாகப் பட்ட வட்டங்களை மட்டும் காட்டிப் பழக்கியிருந்தான். வந்ததெல்லாம் வட்டம். உருவமோ ஒரு திசையில் இழுத்துவிட்டதுபோல் நீண்டிருந்தது.

கரையில் போட்ட திருக்கை எப்போதும் தட்டையாகத்தான் கிடக்கும். அதை மேலிருந்தே ஆயிரம் போட்டோ எடுத்தாலும் தடிமன் தெரியாது. செவ்வகங்களையும் தேடிப் பிடித்து மாதிரியில் சேர்க்க வேண்டும். படத்திலேயே செவ்வகம் இல்லை, துகள்கள் நீர்ப்பரப்பை ஒட்டி ஒரே வாக்கில் படுத்துவிட்டன என்றால் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. மாதிரி இருக்கும் மேடையை 30, 40 டிகிரி சாய்த்துப் படமெடுத்துப் பார்க்கலாம்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. வெறும் இரைச்சல் படங்கள் 1000 எடுத்து, ஒவ்வொன்றையும் ஐன்ஸ்டீன் படத்தோடு அதிகம் பொருந்தும்படி நகர்த்திச் சராசரி எடுத்தால், ஐன்ஸ்டீன் முகமே வரும். படத்தில் அவர் இல்லை. நாம் தேடியதால் வந்தார். 2017 நோபல் பரிசைப் பகிர்ந்த ரிச்சர்ட் ஹென்டர்சன் 2013-இல் எச்சரித்தது இதைத்தான். அந்த வருடம் வெளியான எச்.ஐ.வி. புரத உருவம் ஒன்றின் மேலும் இதே சந்தேகம் எழுந்தது. அச்சு (ஒப்பிட்டுத் தேடுவதற்கான மாதிரிப் படம்) வைத்துப் பொறுக்குவதாக இருந்தால் அச்சை 20 ஆங்ஸ்ட்ராமுக்காவது (ஒரு ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) மங்கலாக்குங்கள். அதைவிட நுணுக்கமாக ஏதாவது பிறகு தெரிந்தால் அது அச்சிலிருந்து வந்திருக்க வழியில்லை.

அப்புறம், இரட்டைப் பொறுக்கல். உருளை நடுவில் வெறுமை அல்லவா, வட்டத்தின் இரு விளிம்பையும் மென்பொருள் இரண்டு துகளாக எண்ணிவிடும். துகள்களை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே உருவம் கட்டி, இரண்டும் எவ்வளவு நுணுக்கம்வரை ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது வழக்கம், ஒற்றுமை அளவுக்கு 0.143 என்ற எல்லை அதற்குத்தான். ஒரே துகள் இரு பாதியிலும் புகுந்தால் ஒற்றுமை பொய்யாக ஏறும். மையங்களுக்கு இடையே குறைந்தபட்ச தூரம் கொடுத்து, நகலை நீக்கிவிட்டுத்தான் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

கழித்த குவியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சங்காயத்தை, அதாவது வலையில் வரும் கழிவு மீன் குவியலை, கிளறாமல் கோழித் தீவனத்துக்கு ஏற்றினால் நல்ல இறால் சிலவும் சேர்ந்துதான் போகும். ஒரே மாதிரித் துகள்களைச் சேர்த்து மென்பொருள் வகுப்புகளாகப் பிரிக்கும்; மருமகன் 'குப்பை' என்று ஒதுக்கிய வகுப்புகளில் இரண்டு அச்சு அசலான செவ்வகம். எதிர்ப்பக்கமும் உண்டு: மாதிரியைத் தாங்கும் கார்பன் படலத்தின் ஓரத்தையும் பனித்துகளையும் புரதம் என்று மென்பொருள் வாரிக்கொண்டு வரும். மென்பொருள் ஒவ்வொரு துகளுக்கும் போடும் மதிப்பெண்ணில் வரம்பை எங்கே வைப்பது என்பதைப் பத்துப் பதினைந்து படங்களைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்வதே நல்லது. சலிப்பான வேலைதான், சரி, வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பிக்சல் அளவை (படத்தின் ஒரு புள்ளி எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்பதை) தவறாகக் கொடுத்து ஒரு வாரத்தைத் தொலைத்தவன் நான். உருவம் அழகாகத்தான் வந்தது, ஆனால் புரதத்துக்குள் இருக்கும் ஆல்ஃபா சுருளின் ஒரு சுற்று 5.4 ஆங்ஸ்ட்ராமுக்குப் பதில் கிட்டத்தட்ட 6 காட்டியது.