ஆய்வகத்திலிருந்து மருந்து நிறுவனத்துக்கு: பயோடேட்டாவைத் திருத்திய விதம்

வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றபின் ஐதராபாத் மருந்து நிறுவனங்களுக்கு நான் அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. அத்துறையில் பணிபுரியும் சீனியர் அண்ணன் ஒருவர், என் பயோடேட்டாவின் முதல் பக்கத்தை நிறைத்திருந்த ஆய்வுக் கட்டுரைப் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னார். அந்த இடத்தில், கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் நான் உருவாக்கிய பகுப்பாய்வு முறையையும், இத்தகைய முறைகளைச் சரிபார்ப்பதற்கான பன்னாட்டு வழிகாட்டியான ஐசிஎச் க்யூ2 கேட்கும் துல்லியம், நேர்கோட்டுத்தன்மை, கண்டறியும் வரம்பு ஆகியவற்றை அதற்குச் சோதித்த விதத்தையும் எழுதினேன். ஆய்வேட்டின் தலைப்பைவிட இந்தச் சில வரிகள்தாம் தேர்வாளருக்குப் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. எச்பிஎல்சி தரும் வரைபடமான குரோமடோகிராமில் எதிர்பாராத பீக் (முகடு) ஒன்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மாதிரியை மறுபடியும் ஓட்டிவிடாமல், கண்டதைப் பதிவேட்டில் எழுதி, மேலாளரிடம் தெரிவித்து, மாதிரி சேர்க்காத பிளாங்க் கரைசலிலும் அந்த பீக் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன் என்றேன். வேலை கிடைத்தது.