தகரக் கூரையின் கீழ் கிற்றார் பதிவு: வீட்டுக் கணினியில் தொடங்குவது எப்படி

கிற்றாரைக் கணினியில் பதிய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது மென்பொருளைத்தான். ஆனால் பதிவு கெடுவது அங்கே அல்ல. கிற்றாருக்கும் கணினிக்கும் இடையிலுள்ள மூன்று மீற்றர் வயரிலும், சுவரிலுள்ள பிளக்கிலும், தலைக்கு மேலுள்ள தகரத்திலும்தான் கெடுகிறது. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு சாதாரண அறையில் இருந்து தொடங்குபவருக்காக, அந்த ஒழுங்கிலேயே போவோம்.

வயர் எங்கே போக வேண்டும்

லப்டொப்பில் ஹெட்போன் செருகும் சிறிய துளைக்குள் அடப்டர் போட்டு எலெக்ட்ரிக் கிற்றாரைக் கொடுத்தால் சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல மங்கி வரும். பிக்கப் என்பது பல ஆயிரம் சுற்றுக் கம்பிச் சுருள். அதன் முழுச் சத்தமும் கிடைக்க வேண்டுமானால் எதிரே இருக்கும் உள்ளீட்டின் எதிர்ப்பு சுமார் 10 இலட்சம் ஓமாக இருக்க வேண்டும். லப்டொப் மைக் துளையில் இருப்பது சில ஆயிரம் ஓம். தந்தியின் கூர்மை அந்த இடத்திலேயே போய்விடும்; பிறகு மென்பொருளில் எவ்வளவு கூட்டினாலும் வருவது இரைச்சல்தான்.

ஆகவே முதல் செலவு ஓடியோ இன்டர்பேஸுக்கு. யூஎஸ்பியில் இணைக்கும் சிறிய பெட்டி அது. போகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்சி202எச்டி இரண்டும் தொடங்குபவருக்குத் தாராளம். அதே பெரிங்கரின் யூஎம்2 இன்னும் மலிவு, வேலையும் செய்யும். ஆனால் விண்டோஸில் அதற்கு ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். எதை வாங்கினாலும் கிற்றார் வயர் போகும் துளையில் ‘இன்ஸ்ட்’ என்று எழுதியிருக்கிறதா, அல்லது அந்தப் பெயரில் ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் இருந்தால் அதை அழுத்த மறக்கக் கூடாது. ‘சத்தம் மங்கலாக இருக்கிறது’ என்ற முறைப்பாடுகளில் பல அந்தப் பொத்தானோடு முடிந்துவிடும்.

வயர் கால் அங்குல ஜாக் உள்ள, கவசமிட்ட கிற்றார் வயராக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் வயரின் ஜாக்கும் அதே அளவுதான், துளைக்குள் சரியாகப் போகும். ஆனால் அதில் கவசம் இல்லாததால் அறையிலுள்ள கரண்ட் இரைச்சல் முழுவதையும் இழுத்துக்கொண்டு வரும். மூன்று மீற்றர் போதும்.

பிக்கப் உள்ள அக்கூஸ்டிக் கிற்றாரானால் உள்ளே பெரும்பாலும் 9 வோல்ற் பற்றரி ஒன்று இருக்கும். அது இறங்கும்போது சத்தம் குறைவதற்கு முன் கரகரக்கத் தொடங்கும். பெரும்பாலான கிற்றார்களில் ஜாக் செருகியிருக்கும்வரை பற்றரி ஓடிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள்.

உறுமல் எங்கிருந்து வருகிறது

எங்கள் பக்கத்தில் அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். நமது கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அந்த 50-ம் அதன் இரட்டிப்பான 100-ம் ‘ம்ம்ம்’ என்று பதிவுக்குள் புகுந்துவிடும். எதையும் வாங்க முன், காரணத்தை இந்த ஒழுங்கில் தேடுங்கள்.

கிற்றாரின் வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். உறுமல் நின்றால் அது பிக்கப் பிடிக்கும் இரைச்சல். சார்ஜர், மொனிட்டர், மலிவான எல்இடி பல்ப், பான் ரெகுலேட்டர் ஆகியவற்றிலிருந்து ஒன்றரை மீற்றராவது தள்ளி உட்காருங்கள். பிறகு கதிரையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஒரு குறிப்பிட்ட திசைக்கு வரும்போது உறுமல் பாதியாகக் குறையும். அந்தத் திசையிலேயே இருந்து வாசியுங்கள். தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் குறைந்தால் பயப்பட வேண்டாம், அது வழமையானது. கைத்தொலைபேசியை பிளைட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் ‘டிடிட் டிடிட்’ என்ற சத்தம் நல்ல வாசிப்பின் நடுவில்தான் வந்து விழும்.

வொலியூம் பூச்சியத்திலும் உறுமினால் லப்டொப் சார்ஜரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். இரண்டு பின் சார்ஜர்களுக்கு எர்த் இல்லை. அதிலிருந்து கசியும் மெல்லிய கரண்ட் யூஎஸ்பி வழியாக இன்டர்பேஸுக்கும் வந்துவிடும். தீர்வு எளிது: பற்றரியை நிரப்பி வைத்து, பதியும்போது பற்றரியில் ஓடுங்கள். கரண்ட் போனாலும் பதிவு நிற்காது, இன்டர்பேஸும் யூஎஸ்பியிலேயே இயங்கும். மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு யூபிஎஸ் ஒன்று அவசியம். அதில் பத்து நிமிடம் கிடைத்தால் போதும்; அது வாசித்து முடிக்க அல்ல, சேமித்து மூட.

இன்னொரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். மூன்று துளைச் சொக்கற்றின் மேல் துளைக்குள் பேனை மூடியையோ குச்சியையோ குத்தி, இரண்டு பின் பிளக்கைச் செருகுவது பல வீடுகளில் நடக்கிறது. சார்ஜருக்கு அப்படிச் செய்வதே நல்லதல்ல. அம்ப் எனப்படும் கிற்றார் அம்ப்ளிபயருக்கு அப்படிச் செய்தால், அதன் உள்ளே ஒரு வயர் கழன்றாலும் 230 வோல்ற் கிற்றார் தந்திவரை வரலாம். தந்தியைத் தொடும்போது விரலில் சுரீர் என்றால் வாசிப்பதை நிறுத்துங்கள். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் இருந்து அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் கம்பியையும் ரிப் சுவிச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆடி, ஆவணியில் நிலம் வெடித்துக் காயும்போது எர்த் கம்பியைச் சுற்றியுள்ள மண்ணும் காய்ந்து எர்த் பலவீனமாகும். மாரியில் இல்லாத உறுமல் கோடையில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உறுமலை நிறுத்துவதற்காக எர்த் பின்னை வெட்டுவது மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

மைக்கும் அறையும்

பிக்கப் இல்லாத அக்கூஸ்டிக் கிற்றாருக்கு மைக் வேண்டும். கண்டென்சர் மைக்கானால் இன்டர்பேஸில் 48 வோல்ற் பொத்தானை அழுத்த வேண்டும். ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. மைக்கை நடு ஓட்டைக்கு நேரே வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அங்கிருந்து காற்றுத்தான் தள்ளிக்கொண்டு வரும். பதிவு ‘பூம் பூம்’ என்று குடத்துக்குள் கேட்பதுபோல ஆகும். 12-வது பிரெட்டுக்கு எதிரே 20 முதல் 30 சென்ரிமீற்றர் தள்ளி வைத்து, மைக்கின் முகத்தைக் கழுத்து உடலோடு சேரும் இடத்துக்குச் சற்றே திருப்புங்கள். சத்தம் மெலிவாகத் தோன்றினால் இரண்டு விரல் அளவு ஓட்டைப் பக்கம் நகர்த்துங்கள். அடர்த்தி கூடிவிட்டால் மறுபக்கம். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நகர்த்துவதுதான் சரியான வழி. இங்கே ஒரு அங்குலம் செய்யும் வேலையை, மென்பொருளில் தடித்த, மெல்லிய சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ செய்யாது.

அறைக்கு வருவோம். நடுவில் நின்று ஒருதரம் கை தட்டுங்கள். தட்டிய பிறகு ‘ரிங்ங்’ என்று ஒரு கீற்றுச் சத்தம் நீண்டால், அது பூசிய சுவர்களுக்கும் தகரத்துக்கும் இடையில் ஓடும் எதிரொலி. முட்டை மட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை. மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள், ஆனால் மைக்கின் பின்னால் அல்ல, வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால். மைக் தன் முன்பக்கத்தைத்தான் கேட்கும். அந்தப் பக்கச் சுவரிலிருந்து திரும்பி வருவதைத்தான் அடக்க வேண்டும். இரண்டு சுவர்களுக்கிடையில் உயரமாகக் கொடி கட்டி, தடித்த போர்வை இரண்டை வாசிப்பவரின் தலைக்கு மேல் விரித்தால் தகரத்தின் பங்கு பாதியாகும். போர்வையைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நெல் மூட்டை அடுக்கிய அறை சத்தத்தை நன்றாக விழுங்கும். ஆனால் அந்தத் தூசி கண்டென்சர் மைக்குக்கு ஆகாது. வேலை முடிந்ததும் மைக்கை ஒரு பைக்குள் போட்டு மூடி வையுங்கள்.

மைக்கின் முதுகை யன்னலுக்கோ வீதிக்கோ காட்டி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், புழுக்கம்தான், ஆனால் வேறு வழியில்லை. நேரம் தெரிவது பாதி வேலை. விடியற்காலையில் கோவில் ஸ்பீக்கரும் மயிலும். பிறகு லான்ட்மாஸ்டர், தோட்டத்து நீரிறைக்கும் மோட்டர், காலபோக அறுவடையானால் வெட்டுமெசின். நடுப்பகலில் ஊர் அடங்கினாலும் தகரம் அடங்காது. வெயில் ஏற விரிந்தும், முகில் மறைக்கச் சுருங்கியும் ‘டக்’, ‘டக்’ என்று வெடிக்கும். மைக் அதை ஒன்றுவிடாமல் பிடிக்கும். மாலையில் தகரம் ஆறும்போதும் அதே கதை. இரவு ஒன்பதரைக்குப் பிறகு பதிவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் அன்று மைக் வேலையை விட்டுவிட்டு, வயரில் நேரடியாகப் பதியக்கூடியதைப் பதியுங்கள்.

மென்பொருளில் செய்ய வேண்டியவை

ரீப்பர் நல்ல தெரிவு. கோப்பு சிறியது, பழைய கணினியிலும் ஓடும், 60 நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். பிறகு தனிநபர் உரிமம் 60 டொலர். ஓடாசிட்டி முழுக்க இலவசம். ஆனால் வாசிக்கும்போதே அம்ப் சத்தத்தோடு கேட்பதற்கு அது ஏற்றதல்ல.

ரீப்பரில் கண்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் செற்றிங்ஸ் திறக்கும். ஓடியோவின் கீழ் டிவைஸுக்குப் போய் ஏசியோவைத் தெரிந்து, உங்கள் இன்டர்பேஸின் டிரைவரைக் காட்டுங்கள். 48 கிலோ ஹேர்ட்ஸ், 24 பிட் போதும். ஒற்றை ட்ராக் ஒரு நிமிடத்துக்கு 9 மெகாபைட்டுக்குள் அடங்கும். 96-க்கு ஏற்றினால் இடம் இரட்டிப்பாகுமே தவிர காதுக்கு ஒன்றும் கூடாது.

பபர் என்ற எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். கணினி ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் சத்தத் துணுக்குகளின் எண்ணிக்கை அது. 48 கிலோ ஹேர்ட்ஸில் 128 என்றால் சுமார் 2.7 மில்லி செக்கன், 1024 என்றால் 21. கிற்றார் உள்ளே போய் ஹெட்போனுக்குத் திரும்ப இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கும். 1024-இல் தந்தியைத் தட்டிய பிறகுதான் சத்தம் வரும். தாளம் கையைவிட்டு நழுவும். பதியும்போது 128. படபடவென்று வெடித்தால் 256-க்கு ஏற்றி, வைபையை நிறுத்தி, திறந்திருக்கும் பிரவுசரை மூடுங்கள். கலவை செய்யும்போது 1024-க்கு மாற்றிக்கொள்ளலாம். கணினி மிகப் பழையதானால் இன்டர்பேஸிலுள்ள டைரக்ட் மொனிட்டர் பொத்தானை அழுத்தி, மென்பொருள் வழியாகக் கேட்பதை நிறுத்துங்கள். தாமதமே இருக்காது, ஆனால் வாசிக்கும்போது சுத்தமான கிற்றார்தான் கேட்கும்.

புதிய ட்ராக்கின் சிவப்புப் பொத்தானை அழுத்தி, பாட்டில் வரும் மிகப் பலமான இடத்தை வாசித்துக்கொண்டே இன்டர்பேஸின் கெயினை, அதாவது உள்ளே வரும் சத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்புங்கள். மீற்றரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்க வேண்டும். பூச்சியத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், அதை மீட்க வழியில்லை. ‘சத்தம் குறைவு’ என்று கெயினை ஏற்றாதீர்கள். ஹெட்போன் வொலியூமை ஏற்றுங்கள். மனிதர் சோதனையில் மெதுவாகவும் பதிவில் பலமாகவும் அடிப்பார்கள், அதற்காகவே அந்த 12.

மெட்ரோனோமைப் போட்டு இரண்டு பார் முன்னெண்ணிக்கை வையுங்கள். மூடிய ஹெட்போனாக இருக்கட்டும். திறந்த வகையானால் ‘டிக் டிக்’ மைக்குக்குள் போய்விடும். ஒவ்வொரு வாசிப்புக்கும் முன் சுருதி பாருங்கள். பான் நின்ற அறையில் உடல் சூடும் அறைச் சூடும் சேர்ந்து தந்தியை இளக்கும், சுருதி இறங்கும். ரீப்பருக்குள்ளேயே ரீட்யூன் இருக்கிறது. திறந்த தந்தியும் 12-வது பிரெட்டும் ஒரே சுரம் காட்டாவிட்டால் தந்தியை மாற்றுங்கள், அல்லது பிரிட்ஜைச் சரிசெய்யுங்கள். அதை மென்பொருளில் திருத்தப் போகாதீர்கள்.

எலெக்ட்ரிக் கிற்றாரைச் சுத்தமாகவே பதிந்து, அம்ப் சத்தத்தைப் பிளகினாக, அதாவது ரீப்பருக்குள் சேர்க்கும் துணை மென்பொருளாகப் போடுங்கள். நியூரல் அம்ப் மொடலர் இலவசம், தரமானது. அம்பின் தலைப்பகுதி மட்டும் உள்ள மொடலைப் போட்டால் பின்னால் ஸ்பீக்கர் பெட்டியின் தன்மையைத் தரும் கபினெட் ஐஆர் கோப்பு ஒன்றும் வேண்டும். அது இல்லாமல் கேட்டால் தேனீக் கூட்டம் இரைவதுபோல இருக்கும், பலர் அத்தோடு மென்பொருளைக் குறைசொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். டிஸ்ரோர்ஷனை நினைப்பதைவிடக் கொஞ்சம் குறையுங்கள்.

தாளக் கிற்றாரை அகலமாக்க ஒரே ட்ராக்கைக் கொப்பி செய்து இடமும் வலமும் வைப்பது பயனற்றது; இரண்டும் ஒன்றே என்பதால் சத்தம் நடுவில்தான் நிற்கும். அதே பகுதியை இரண்டாம் தரம் வாசித்துப் பதிந்து, ஒன்றை முழு இடத்துக்கும் மற்றதை முழு வலத்துக்கும் தள்ளுங்கள். இரண்டு வாசிப்புக்கும் இடையிலுள்ள சின்ன வித்தியாசம்தான் அகலம். ஈக்யூவில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். சாதாரண சுருதியில் கிற்றாரின் தடித்த தந்தியே 82-இல்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருப்பது பெரும்பாலும் மோட்டரும் கால் தட்டும் சத்தமும்தான்.

முடிந்ததும் வேவ் கோப்பாக ஒன்றும், 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக ஒன்றும் எடுத்து, முழு ப்ரொஜெக்ட் கோப்புறையையும் பென் டிரைவில் போட்டு வையுங்கள். ரீப்பரின் ஆர்பிபி (.rpp) ப்ரொஜெக்ட் கோப்பை மட்டும் கொப்பி செய்தால் உள்ளே கிற்றார் இருக்காது. நண்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள்.