கடல் பாக்டீரியாவுக்குப் பிளாஸ்மிட் ஏற்றுவது எப்படி?

ஒரு பாக்டீரியா இன்னொன்றைத் தொட்டு, பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தைக் கொடுப்பதுதான் இணைவு. இணைவு என்றதும் மாணவர்கள் இரண்டு செல்லையும் நடுவில் ஒரு பைலஸையும் (செல்களை இணைக்கும் மெல்லிய இழை) வரைந்து நீட்டுகிறார்கள். 1946-இல் லெடர்பெர்க்கும் டேட்டமும் கண்டறிந்ததை எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். மண்டபத்துக் கடலில் பிரித்தெடுத்த, நோய் செய்யாத பாக்டீரியாவைப் பச்சையாக ஒளிரவைக்க வேண்டுமென்றால் பாதி வேலை உப்பில்தான் இருக்கிறது. அதற்கும் முன்னால் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும்.

வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கலங்கிக் கிடக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் நீர் எடுத்து வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மிட்டைக் கொடுப்பவர், டைஅமினோபிமெலிக் அமிலம் (செல்சுவர் கட்டத் தேவையான பொருள்) இல்லாமல் பிழைக்காத ஆய்வக ஈ.கோலை பாக்டீரியா. ஒளிரும் புரதத்துக்கும், கனமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை எதிர்ப்பதற்கும் மரபணுக்கள் உள்ள பிளாஸ்மிட் அதில் இருக்க வேண்டும். ஈ.கோலையை 37 டிகிரியிலும் கடல் பாக்டீரியாவை 28 டிகிரியிலும் வளர்த்து, இளம் வளர்ச்சியிலேயே எடுங்கள்.

இரண்டையும் மருந்தில்லாத ஊடகத்தில் இருமுறை கழுவுங்கள். ஒட்டியிருக்கும் கனமைசின், பெறுபவரை, அதாவது கடல் பாக்டீரியாவை, கொன்றுவிடும். கழுவும்போது குழாயைக் குலுக்க வேண்டாம், பைலஸ் முறிந்துவிடும். சம அளவில் கலந்து, ஒரு துளியைப் பாதிக் கடல்நீர் கலந்த அகார் (கெட்டியான கூழ்) மேல் வைத்த சவ்வு வடிகட்டியில் விடுங்கள். அந்த அகாரில் மேற்சொன்ன அமிலமும் இருக்க வேண்டும். முழுக் கடலுப்பை ஈ.கோலை விரும்பாது. இந்த வேலைக்குப் பயன்படும் ஆர்பி4 (ஒரு பிளாஸ்மிட்டின் பெயர்) வகைப் பைலஸ் குட்டையானது, விறைப்பானது. திரவத்தில் ஆடிக்கொண்டிருந்தால் பிடிப்பு நிற்காது. ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். (அகார் கடற்பாசியிலிருந்து வருவது. பாம்பன் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அதற்குத்தான் போகிறது. தட்டை வீணாக்கும் மாணவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.)

மறுநாள் வடிகட்டியைக் கழுவி, அமிலம் இல்லாத, கனமைசின் கலந்த கடல்நீர் அகாரில் பரப்புங்கள். உப்பு கூடினால் கனமைசினின் வீரியம் குறையும். புத்தகத்து அளவை நம்பாமல், பெறுபவர் எந்த அளவில் சாகிறது என்று முன்பே பார்த்து வையுங்கள். கொடுப்பவர் மட்டும் ஒரு தட்டு, பெறுபவர் மட்டும் ஒரு தட்டு. இரண்டும் வெறுமையாக இருந்தால்தான் மூன்றாவது தட்டின் காலனிக்கு மதிப்பு.

ஒளிர்வதைப் பார்த்ததும் துள்ளவேண்டாம். கடல் பாக்டீரியாவில் சில தாமாகவே ஒளிரும். பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்துச் சரிபாருங்கள். எல்லாத் தட்டுகளும் 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவிக் கலன்) வேக வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். இங்கே சாக்கடை போய்ச் சேருவது கடலில்தான்.